கோ விளையாட்டில் முன்னேற இணையவழிப் பாடம் உதவுமா?

கேள்வி:
வணக்கம். கறுப்பு, வெள்ளைக் காய்களை வைத்துப் பலகையில் இடம் பிடிக்கும் கோ ஆட்டத்தை ஓஜிஎஸ் என்ற இணையதளத்தில் விளையாடி வருகிறேன். எட்டாம் கியூ தரத்திலேயே (கியூ எண் குறையக் குறையத் தரம் உயரும்) நெடுநாளாக நிற்கிறேன். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் கட்டாகோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரலில் ஏற்றிப் பார்ப்பது வழக்கம் என்றாலும், அது காட்டும் இடங்கள் அடுத்த ஆட்டத்தில் எனக்குத் தோன்றுவதே இல்லை. மாதக் கட்டணம் வாங்கும் இணையப் பள்ளியில் சேர்வதா, ஓர் ஆசிரியரிடம் ஆட்ட அலசலுக்கு மட்டும் பணம் கொடுப்பதா?

மறுமொழி 1:
உங்கள் தரத்துக்கு ஆட்ட அலசலே முதலில் தேவை என்பது என் கருத்து. கட்டாகோ ஒவ்வொரு காய்க்கும் எத்தனை புள்ளி இழப்பு என்று சொல்லிவிடும். ஆனால் நீங்கள் எதை எண்ணி அந்தக் காயை வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. உங்கள் காய்களின் பலவீனமான கூட்டம் ஒன்று நடுப்பலகையில் தவித்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மூலையில் நான்கைந்து புள்ளி சேர்க்கப் போனால், நிரல் அதை ஒரு பிழையாக மட்டுமே குறிக்கும். ஆசிரியரோ வேறு ஆட்டங்களிலும் நீங்கள் இதையே செய்திருப்பதைக் கண்டுபிடித்து, எந்தக் கூட்டம் ஆபத்தில் இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுக் காய் வைக்கப் பழக்குவார். ஆகவே தோற்ற ஆட்டத்தையே அனுப்புங்கள், திணறிய இடங்களில் என்ன நினைத்தீர்கள் என்பதையும் எழுதி அனுப்புங்கள். ஆசிரியர் தொடக்கத்திலேயே உங்களுக்கு ஒன்பது காய் சலுகை கொடுத்து ஆடும் பயிற்சி ஆட்டமும் நல்லதுதான், ஆனால் உங்கள் தரத்தினருடன் ஆடும்போது எழும் சிக்கல்கள் அதில் அவ்வளவாக வெளிப்படா.

மறுமொழி 2:
பள்ளிகள் எல்லாம் ஒரே வகையல்ல. நெதர்லாந்தில் குடியேறிய சீனத் தொழில்முறை ஆட்டக்காரர் குவோ ஜுவானின் பள்ளி ஒலிப்பதிவுப் பாடங்களுக்குப் பெயர் பெற்றது. அவற்றை வசதிப்பட்ட நேரத்தில் கேட்கலாம். கொரியரான ஹுவாங் இன்சியோங் தொடங்கிய யுங்குசெங் தோஜாங் என்ற இணையப் பள்ளியில் மாணவர்கள் தமக்குள் லீக் ஆட்டங்கள் ஆடுவதும் அவற்றை ஆசிரியர் அலசுவதும்தான் மையம். தீவிரமாக ஆட ஆளில்லாமல் தவிப்பவருக்கு அந்த லீக்கே கட்டணத்துக்கு ஈடாகும். பணம் கட்டுமுன் கடிகாரத்தைப் பாருங்கள்: கோடைக்காலத்தில் ஜெர்மனியில் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் வகுப்பு இந்தியாவில் பதினொன்றரை மணிக்குத்தான் தொடங்கும்.

மறுமொழி 3:
இருவரும் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் எட்டாம் கியூவில் பெரும்பாலான ஆட்டங்களை முடிவு செய்வது ஒரு கூட்டம் இரண்டு கண் (எதிராளி நிரப்ப முடியாத உள்வெற்றிடம்) பெற்றுப் பிழைக்கிறதா, சாகிறதா என்பதே. தினமும் சுலபமான வாழ்வு–சாவுக் கணக்குகளை, விடையைப் பாராமல், இறுதிவரை மனத்திலேயே காய்களை வைத்துப் பார்த்துப் போட்டுவந்தால் ஆசிரியரின் நேரத்தை அதற்காகச் செலவிட நேராது. கட்டாகோவையும் விட்டுவிட வேண்டாம். பத்துப் புள்ளிக்கு மேல் இழந்த காய்களை மட்டும் பாருங்கள், தொடக்கத்தில் அரைப்புள்ளி வேறுபாடுகளைத் துருவுவது நம் தரத்தில் வீண்வேலை.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. இரவு வகுப்பு எனக்கு ஒத்துவராது என்பதால், இம்மாதம் தோற்ற இரண்டு ஆட்டங்களைக் குறிப்புகளோடு ஓர் ஆசிரியருக்கு அனுப்பப் போகிறேன்.