மியூராவின் இமைகள்: உங்கள் கருத்து தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். 1966 ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமான லம்போர்கினி மியூரா காரை ஓரடி நீள மர மாதிரியாகச் செதுக்கி வருகிறேன். முன்விளக்குகளை எட்டியதும் கை நின்றுவிட்டது.

பெர்டோனே என்ற இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனத்தில் மார்செல்லோ காந்தினி வடிவமைத்த அந்தக் காரில், மல்லாந்து கிடக்கும் விளக்குகளைச் சுற்றி இமைமயிர் போன்ற கறுப்புக் கீற்றுகள் இருந்தன. 1971இல் வந்த எஸ்வி வகையில் அவை பெரும்பாலும் நீக்கப்பட்டு, பின்சக்கரங்களின் மேற்பகுதி அகலமாக்கப்பட்டது. கீற்றுகளே அந்தக் காருக்கு முகம் தருகின்றன என்று உறுதியாக நம்புகிறேன். ஆயினும் இருக்கைகளுக்குப் பின்னால் குறுக்காக அமர்ந்திருக்கும் 12 சிலிண்டர் எஞ்சினின் பலத்தை எஸ்வியின் அகன்ற தோள்களே சொல்கின்றன. (அதே காந்தினி 1971இல் காட்டிய கவுன்டாக் என்ற மற்றொரு லம்போர்கினி காரின் கூர்மையை வியக்கிறேன், ஆனால் மியூராவைப் போல் அது என்னை உருக்கவில்லை.)

எந்த வகையைச் செதுக்கலாம், ஏன் என்று தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். நேரில் பார்த்தவர்கள் இருந்தால், பின்கண்ணாடிக்குப் பதிலாக உள்ள கறுப்புப் பட்டைகள் பக்கவாட்டிலிருந்து எவ்வளவு தெரிகின்றன என்பதையும் சொன்னால் பேருதவியாக இருக்கும்.