கட்சிக்காரர் நிரபராதிதானா? ஏஸ் அட்டர்னி விளையாட்டில் மனத்தை விட்டு அகலாத தருணங்கள்

பதிவு 1

நீதிமன்றத்தில் வாதாடும் வீடியோ விளையாட்டான ஏஸ் அட்டர்னியின் இரண்டாம் பாகத்தில் நான்காவது வழக்கை நான் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதில் வரும் ஒரு கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. இங்கே வருபவர்கள் எல்லோரும் அதை விளையாடியவர்கள் என்பதால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை.

நாம் விளையாடும் வழக்கறிஞர் ஃபீனிக்ஸின் உதவியாளர் மாயா கடத்தப்பட்டுவிட்டாள். கொலைக் குற்றம் சாட்டப்பட்ட மேட் எங்கார்டுக்கு விடுதலை வாங்கித் தந்தால்தான் அவள் உயிரோடு திரும்புவாள் என்று கூலிக்கொலைகாரன் சொல்லிவிட்டான். அதன் பிறகு, கொலை செய்தது நீயா என்று எங்கார்டிடம் ஃபீனிக்ஸ் நேராகக் கேட்கிறார், இல்லை என்கிறான். பொய்யைக் காட்டிக்கொடுக்கும் மாகதாமாக் கல்லில் ஒரு பூட்டுகூடத் தோன்றவில்லை. முதல் பாகம் முழுவதும் நம் கட்சிக்காரர் ஒவ்வொருவரும் நிரபராதியாகவே இருந்திருக்கிறார்கள். ஆகவே நானும் அமைதியாக நம்பினேன். பிறகு அந்தச் சந்திப்பு அறைக் காட்சி வந்தது. முகத்தில் பாதியை மறைத்திருந்த முடியை அவன் ஒதுக்குகிறான், கீறல் தழும்புகள் தெரிகின்றன, கையில் ஒரு மதுக்கோப்பை இருக்கிறது. காவலில் இருப்பவன் கைக்கு மதுக்கோப்பை எப்படி வந்தது என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. அவன் பொய் சொல்லவில்லை என்பதுதான் உறைத்தது. அவன் தன் கையால் கொல்லவில்லை, ஆள் வைத்துக் கொன்றான். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைத்தான் சொல்லியிருந்தான்.

ஆனால் நான் எழுத வந்தது அதற்குப் பிந்தைய ஒரு நொடியைப் பற்றி. கடைசி நாள் விசாரணையில், குற்றவாளியா நிரபராதியா என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்பதுபோல் திரையில் இரண்டு பொத்தான்கள் வருகின்றன. கருவியை அணைக்காமல் மேசைமேல் வைத்துவிட்டுப் படுக்கப் போனேன், தூக்கம் வரவில்லை. காலையில் எழுந்து ‘குற்றவாளி’ என்பதை அழுத்தினேன். அந்த வினாடியே அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஃபிரான்சிஸ்காவின் குரல் குறுக்கிட்டது. சில வாரங்கள் கழித்து மற்றப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். அதே குரல், அதே இடம். ஓர் இரவு முழுவதும் என்னை அலைக்கழித்த முடிவால் கதையில் ஒரு வரிகூட மாறவில்லை. இதை எழுதியவர் என்னை ஏமாற்றிவிட்டாரா, அல்லது அந்த இரவைத்தான் எனக்குத் தர நினைத்தாரா? உங்களுக்கும் இப்படி ஒரு தருணம் இருந்தால் எழுதுங்கள்.

பதிவு 2

முதல் பதிவை எழுதிய நண்பருடன் எனக்குச் சிறிது கருத்து வேறுபாடு உண்டு. அங்கே தேர்வு இருப்பதுபோல் காட்டினார்கள். 2007-இல் வந்த நான்காம் பாகத்தின் முதல் வழக்கில் அதுவும் இல்லை, ஆகையால் என் கணக்கில் இதுதான் கொடுமையானது.

இளம் வழக்கறிஞர் அப்பல்லோவுக்கு அது முதல் வழக்கு. குற்றஞ்சாட்டப்பட்டவர் ஏழு ஆண்டுகளுக்கு முன் வழக்கறிஞர் உரிமத்தை இழந்த ஃபீனிக்ஸ். பக்கத்தில் வழிகாட்டியாக நிற்பவர் குரு கிறிஸ்டோஃப் கேவின். இந்தத் தொடரில் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு நிலையான இடம் உண்டு: நாம் தடுமாறும்போது சான்றுகளை இன்னொரு முறை பார் என்று நினைவூட்டுபவர் அவர். ஃபீனிக்ஸின் ஆசான் மியா அங்கே நின்றாள், மாயா நின்றாள். அந்தப் பழக்கத்தில்தான் நானும் கேவினின் முகத்தைப் பார்த்துப் பார்த்து விளையாடினேன். கொலையாளியே அவர்தான் என்று வந்தபோது ஏற்பட்ட அதிர்ச்சி பெரிது.

இருந்தாலும் உறுத்துவது அதுவன்று. இடைவேளையில் ஒரு சிறுமி இரத்தக்கறை படிந்த இஸ்பேட் ஏஸ் சீட்டு ஒன்றை அப்பல்லோவின் கையில் கொடுக்கிறாள். சரியான நேரத்தில் அதை எடுத்து நீட்டினேன். கேவின் நிலைகுலைந்தார், இசை உச்சத்துக்குப் போனது, நானும் உற்சாகத்தில் எழுந்து நின்றேன். தீர்ப்புக்குப் பிறகுதான் அந்தச் சீட்டு போலியானது என்று தெரிய வருகிறது. உண்மையான சீட்டைக் கொலை நடந்த இடத்திலிருந்து கேவின் எடுத்துச் சென்றிருந்தார். அதனாலேயே போலியைப் பார்த்ததும் அவர் நிதானம் இழந்தார். ஃபீனிக்ஸின் உரிமம் பறிபோனதும் போலிச் சான்று ஒன்றினால்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். சான்று என்று பதிவேட்டில் ஏறிய பொருள் பொய் சொல்லாது என்று மூன்று பாகங்கள் எனக்குக் கற்றுத் தந்திருந்தன. கட்சிக்காரரைச் சந்தேகிக்கலாம், சாட்சியைச் சந்தேகிக்கலாம். ஆனால் பதிவேட்டைச் சந்தேகித்தால் இந்த விளையாட்டை எதை வைத்து விளையாடுவது? அன்று முதல் எந்தச் சான்றுப் பொருள் கையில் வந்தாலும், இதைக் கொடுத்தது யார் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

பதிவு 3

இரண்டு பேரும் பழைய பாகங்களோடு நின்றுவிட்டீர்கள். ஜப்பானில் 2015-இல் வந்து, ஆங்கிலத்தில் 2021-இல்தான் கிடைத்த கிரேட் ஏஸ் அட்டர்னியின் மூன்றாவது வழக்கை விளையாடிவிட்டு இந்த விவாதத்தை மீண்டும் படியுங்கள்.

இளம் ஜப்பானிய வழக்கறிஞன் ரியுனோசுகே லண்டனில் இறங்கியதும் கிடைக்கும் முதல் வழக்கு அது. கட்சிக்காரர் மக்கில்டெட் ஒரு செல்வந்தர், கனிவாகப் பேசுகிறார். குதிரை இழுக்கும் ஆம்னிபஸ் வண்டிக்குள் ஒருவர் கத்திக்குத்துப்பட்டு இறந்து கிடந்தார். அந்த வண்டியையே நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நடுவில் புகைக்குண்டு ஒன்று வெடித்து மன்றமே மறைகிறது. புகை அடங்கிய பிறகு வண்டியின் கூரைத் திறப்பில் இரத்தக்கறை இருக்கிறது. நான் முன்பே அந்த வண்டியை மூலைமுடுக்கெல்லாம் சோதித்திருந்தேன். அந்தக் கறை அங்கே இருக்கவில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனால் அந்தக் கறைதான் என் கட்சிக்காரரைக் காப்பாற்றுகிறது.

விடுதலைத் தீர்ப்பு வருகிறது, வழக்கம்போல் வெற்றிதான், ஆனால் எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. அன்றே அந்த வண்டி தீப்பற்றி எரிகிறது, மக்கில்டெட் உள்ளேயே இறந்துபோகிறார். குற்றவாளி கூண்டில் நின்று கதறி உடைந்துபோகும் காட்சியோடுதான் ஒவ்வொரு வழக்கும் முடிய வேண்டும் என்பது இந்தத் தொடரில் எழுதப்படாத சட்டம். அது இல்லாமல் முடிந்த அந்த வழக்குக்குப் பிறகு, அடுத்த வழக்கில் கட்சிக்காரரை நம்புவதா என்று ரியுனோசுகே தயங்கும்போது நானும் அவனோடு சேர்ந்தே தயங்கினேன். இரண்டாம் பதிவின் நண்பர் சொல்லும் போலிச் சீட்டைப் பற்றித் தீர்ப்புக்குப் பிறகுதான் நமக்குத் தெரிகிறது. இங்கேயோ விசாரணை நடக்கும்போதே தெரிகிறது. தெரிந்தும் மேலே போக வேண்டியிருக்கிறது என்பதே என்னால் ஏற்க முடியாததாக இருந்தது.

பதிவு 4

நான் ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் ஒன்பது ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்குகளில் வாதாடி வருகிறேன். என் அனுபவம் சிறியது: முதல் பாகத்தை விளையாடத் தொடங்கிய வாரத்தில் ஒரு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தேன், விளையாட்டின் பழக்கத்தில் தேவையில்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன், சாட்சி சொன்ன பதில் என் கட்சிக்காரருக்கே பாதகமாகப் பதிவாகிவிட்டது. அந்தப் பதிலைத் தட்டச்சர் அடித்த சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. அந்த உறுத்தலால்தான் சில செய்திகளை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலாவது, இந்த விளையாட்டில் சாட்சியத்தின் ஒவ்வொரு வாக்கியத்தையும் நிறுத்தித் துருவிக் கேட்க வேண்டும். கேட்பதால் பெரும்பாலும் இழப்பு இல்லை, தவறான சான்றை நீட்டினால்தான் தண்டனை. உண்மையான நீதிமன்றத்தில் இது நேர்மாறு. பதில் என்னவாக இருக்கும் என்று தெரியாத கேள்வியைக் கேட்காதே என்பது என் சீனியர் எனக்குச் சொன்ன முதல் பாடம். இங்கே எவரேனும் இந்த விளையாட்டைப் பார்த்துச் சட்டக் கல்லூரிக்குப் போகத் திட்டமிட்டால், தயவுசெய்து முதலில் ஒரு வாரம் அமர்வு நீதிமன்றத்தில் பின் வரிசையில் உட்கார்ந்து பாருங்கள்.

இரண்டாவது, முதல் பதிவில் ‘குற்றவாளி’ என்று அழுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனநிலை புரிகிறது. ஆனால் இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் நடத்தை விதிகளின்படி, குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றம் செய்தவரா என்பது பற்றி வழக்கறிஞரின் சொந்தக் கருத்து எதுவாக இருந்தாலும் அவருக்காக வாதாட வேண்டும். கட்சிக்காரரின் விருப்பத்துக்கு மாறாக அவர் குற்றவாளி என்று வழக்கறிஞர் ஒருவர் நீதிமன்றத்தில் சொல்ல முடியாது. ஆகவே ஃபீனிக்ஸுக்கு முன் இருந்த அந்த இரண்டு பொத்தான்களும் எங்கள் தொழிலில் கிடையாது. வழக்கிலிருந்து விலகுவது என்ற மூன்றாவது பொத்தான் ஒன்று வேண்டுமானால் இருக்கலாம், அதற்கும் நிபந்தனைகள் உண்டு.

மூன்றாவது, கட்சிக்காரர் நிரபராதி என்ற மரபை வெறும் கதை வசதியாகப் பார்க்க வேண்டாம். 2001-இல் முதல் பாகம் ஜப்பானில் கேம் பாய் அட்வான்ஸில் வந்தபோது அந்நாட்டில் குற்ற வழக்குகளில் பொதுமக்கள் பங்கேற்கும் முறை இல்லை. 1928 முதல் 1943 வரை இருந்த ஜூரி முறை நிறுத்தப்பட்டிருந்தது. குடிமக்கள் நீதிபதிகளோடு அமரும் இன்றைய முறை 2009-இல்தான் நடைமுறைக்கு வந்தது. விசாரணைக்கு வரும் வழக்குகளில் 99 விழுக்காட்டுக்கும் மேல் தண்டனையில் முடியும் நாட்டில், கூண்டில் நிற்பவர் குற்றவாளிதான் என்று மன்றமே முன்கூட்டி நம்பிவிடும் ஒரு கற்பனை நீதிமன்றத்தை இந்த விளையாட்டை உருவாக்கிய ஷு தகுமி எழுதினார். விசாரணை மூன்றே நாளில் முடிந்துவிட வேண்டும் என்ற விதியையும் வைத்தார். அந்தச் சூழலில் நிரபராதியை மீட்பது என்பது ஒற்றை ஆளாக ஓடும் ரயிலை நிறுத்துவது போன்றது. ஜப்பானியத் தலைப்பில் உள்ள ‘கியாக்குடென்’ என்ற சொல்லுக்குத் தலைகீழாகத் திருப்புதல் என்று பொருள். திருப்ப வேண்டியது சாட்சியை மட்டுமன்று என்றே நான் அதைப் படிக்கிறேன். ஆங்கிலத்தில் கதையை லாஸ் ஏஞ்செல்சுக்கு மாற்றியதும் இந்தப் பின்னணி மங்கிப்போனது. முதல் பாகத்தின் நான்காவது வழக்கில் கொலைக்குப் பதினைந்து ஆண்டுக் காலவரம்பு முடியப் போகிறது என்ற பதற்றம் வருகிறதல்லவா? அப்போதைய ஜப்பானியச் சட்டத்தில் அது சரியாகவே இருந்தது; 2005-இல் அது 25 ஆண்டாக உயர்ந்து, 2010-இல் அடியோடு நீக்கப்பட்டது. கலிஃபோர்னியாவில் கொலைக்குக் காலவரம்பே கிடையாது. இத்தகைய இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு விளையாடினால் இன்னும் ஆழமாகப் புரியும் என்பது என் பரிந்துரை.

பதிவு 5

வழக்கறிஞர் ஐயா சொன்னவை பயனுள்ளவை. ஆனால் யாரும் இங்கே சட்டம் படிக்கப் போவதாகச் சொல்லவில்லை, தருணங்களைக் கேட்டிருந்தார்கள்.

எனக்கு அது முதல் பாகத்தின் முதல் வழக்கில் வரும் கடிகாரம். தொடக்கக் காட்சியிலேயே கொலையாளியின் முகத்தைக் காட்டிவிடுகிறார்கள். யார் செய்தது என்ற கேள்வி போய்விடுகிறது. சாட்சிக் கூண்டில் அதே முகம் வந்து நின்று, பிணத்தைப் பார்த்தது பகல் ஒரு மணிக்கு என்று சாதிக்கிறது. பிரேதப் பரிசோதனை அறிக்கையோ மரணம் நான்கு மணிக்குப் பிறகு என்கிறது. பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும், நீதிபதிக்குத் தெரியாது. அவன் நேரத்தைக் கேட்டதாகச் சொன்ன சிலைக் கடிகாரத்தை மன்றத்திலேயே ஒலிக்கச் செய்கிறார்கள். அது 8:25 என்கிறது. அப்போது உண்மையான நேரம் 11:25. மூன்று மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. கொலை நடந்த அன்றும் அப்படித்தான் இருந்தது என்று காட்டு என்கிறார்கள். எல்லாச் சான்றுகளையும் புரட்டிவிட்டுக் கடைசியாகக் கடவுச்சீட்டைத் திறந்தேன். இறந்தவள் பாரிஸிலிருந்து முந்தைய நாள்தான் திரும்பியிருந்தாள்! பாரிஸின் நேரம் ஒன்பது மணி நேரம் முந்தியது, பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில் அது மூன்று மணி நேரம் பின்தங்கியதாகத் தெரியும் என்று முள்ளில் கணக்கிட்டுப் பார்த்தபோது என் கை நடுங்கியது. முதலில் நம்ப வைத்துவிட்டுப் பிறகு நிரூபிக்கச் சொல்லும் அந்த முறையால்தான், முதல் பதிவின் நண்பர் எங்கார்டை அவ்வளவு எளிதாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

பதிவு 6 (முதல் பதிவை எழுதியவர்)

கடிகாரத்தைப் பற்றிய விளக்கத்துக்கு நன்றி, அது சரியென்றே படுகிறது. வழக்கறிஞர் ஐயாவுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன்: விலகும் பொத்தான் இருந்திருந்தாலும் நான் அதை அழுத்தியிருக்க மாட்டேன், ஏனெனில் விலகினால் மாயா இறந்துவிடுவாள். விதிகள் உங்களைக் காக்கும் இடத்தில் ஃபீனிக்ஸ் நிற்கவில்லை. இரண்டில் எதை அழுத்தினாலும் ஒருவருக்குத் துரோகம் என்ற நிலையில்தான் நான் அன்றிரவு விழித்திருந்தேன்.

பதிவு 7

எல்லோரும் கட்சிக்காரர் நம்மை ஏமாற்றிய கதைகளைச் சொல்கிறீர்கள். கட்சிக்காரர் தன்னைத்தானே குற்றவாளி என்று நம்பிய கதை ஒன்றும் இருக்கிறது.

முதல் பாகம், அரசுத் தரப்பு வழக்கறிஞர் எட்ஜ்வர்த்தே கூண்டில் நிற்கும் வழக்கு. ஏரிக் கொலையில் அவர் நிரபராதி என்று தீர்ப்பு வந்துவிட்டது. கிளியைக்கூடக் கூண்டில் ஏற்றி விசாரித்த களைப்பில், முடிந்தது என்று நானும் பெருமூச்சு விட்டேன். அப்போது எட்ஜ்வர்த்தே எழுந்து ஆட்சேபம் தெரிவிக்கிறார். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் மின்தூக்கிக்குள் தன் தந்தையைக் கொன்றது தானே என்கிறார். ஒன்பது வயதில், மூச்சுத் திணறும் இருட்டில், தந்தையைக் காப்பாற்ற எண்ணித் துப்பாக்கியை எடுத்து வீசினார். அது வெடித்தது, அதன் பிறகு ஓர் அலறல் கேட்டது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இங்கே நாம் உடைக்க வேண்டிய சாட்சியம் நம் கட்சிக்காரரின் நினைவு. அதில் பொய் இல்லை. ஆகவே முரண்பாட்டை எங்கே தேடுவது என்றே எனக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் வாக்கியங்களுக்கு நடுவே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தேன். பிறகுதான் அந்த அலறலைப் பற்றி யோசித்தேன். அது தந்தையின் குரல் இல்லையென்றால் யாருடையது? அந்தக் குண்டு வேறொருவர் உடலில் பாய்ந்திருந்தால் இன்னும் அங்கேயே இருக்குமே என்று தோன்றியபோது, முன்பே பதிவேட்டில் ஏறியிருந்த உலோகக் கண்டறி கருவி நினைவுக்கு வந்தது. எதற்கென்றே தெரியாமல் சுமந்து திரிந்த பொருள் அது. அதை எடுத்து அரசுத் தரப்பில் வாதாடும் வான் கார்மாவின் தோளருகே கொண்டுபோனேன். எனக்கு வெற்றிக் களிப்பு வரவில்லை. கருவி ஒலித்ததும் எட்ஜ்வர்த்தைத்தான் தேடினேன். பதினைந்து ஆண்டுகளாகத் தன்னைக் கொலையாளி என்று எண்ணியே தூங்கியிருக்கிறார், இன்று இரவு அந்தக் கனவு அவருக்கு வராது என்பது மட்டுமே மனத்தில் நின்றது.