பயண கிட்டார்: நெக்கைக் கழற்றி மாட்டினால் நிற்குமா?

ஆறுகம்பி:
மாதம் இரண்டு முறை விமானத்தில் போகிறேன். போன வருடம் கிட்டாரை செக்-இன்னில் போட வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தால் ஹெட்ஸ்டாக் (கம்பி முறுக்கும் தலைப்பகுதி) முறிந்து, கம்பிகளில் தொங்கிக்கொண்டிருந்தது. கல்லூரிக் காலத்திலிருந்து வாசித்த கிட்டார் அது. இனி அந்தப் பாடு வேண்டாம் என்று நானே ஒன்று செய்யப்போகிறேன். ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக், 648 மி.மீ ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), நெக் (விரல் வைத்து வாசிக்கிற நீளக் கழுத்து) தனியாகக் கழன்று கைப்பெட்டிக்குள் போக வேண்டும். எலெக்ட்ரிக் கிட்டாரில் ஃபெண்டர் கம்பெனி 1950-லிருந்தே நாலு திருகில்தானே நெக்கை மாட்டுகிறார்கள்? அக்கூஸ்டிக்கில் மட்டும் என்ன தடை?

வீணைவீடு:
வேண்டாம் என்றே சொல்வேன். எங்கள் வீட்டில் ஏகாண்ட வீணையும் உண்டு, ஒட்டு வீணையும் உண்டு. ஒரே பலா மரத்தில் குடைந்ததில் மீட்டிய நாதம் நிற்கிற நேரம் என் காதுக்கு வேறு. வீணையிலும் கழற்றுகிற பாகம் இருக்கிறதே என்பீர்கள். அது சுரைக்குடுக்கை. கம்பியின் இழுவை அதன் வழியாகப் போவதில்லை. நீங்கள் கழற்ற நினைப்பது இழுவை முழுவதையும் தாங்குகிற இணைப்பை. 12-53 செட் (அங்குலத்தில் ஆயிரத்தில் 12 முதல் 53 பங்கு வரை கனமுள்ள கம்பிகள்) போட்டால் ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 74 கிலோ இழுக்கும்.

ஃபெண்டரின் திருகு எப்போதாவது பழுது பார்க்கக் கழற்றுவதற்கு. மாதம் நாலு முறை கழற்றி மாட்டினால் மரத்தில் துளை தேய்ந்து, திருகு பிடிக்காமல் சும்மா சுற்றும். பேசாமல் முக்கால் சைஸில் ஒன்று செய்யுங்கள், நெக்கை ஒட்டிவிடுங்கள்.

ஆறுகம்பி:
முக்கால் சைஸும் 85 செ.மீ பக்கம் வருகிறது சார். கைப்பெட்டி அளவு 55 × 35 × 25 தான். கேட்டில் நிற்பவர் மனசு வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். அந்தப் பத்து நிமிடம் வயிறு கலங்குவதை இனி என்னால் தாங்க முடியாது.

வீணைவீடு:
சரி, உங்கள் கணக்கையே போடுவோம். 648 ஸ்கேலில் 20 ஃபிரெட் (வீணை மெட்டு மாதிரி) வரை ஃபிங்கர்போர்டு, அதாவது விரல் பலகை மட்டும் 44 செ.மீ. ஹெட்ஸ்டாக் 17 சேர்த்தால் 61. உங்கள் பெட்டியின் நீளமே 55. பாடி டிரெட்நாட் (பெரிய பாடி வகை) என்றால் அகலம் கிட்டத்தட்ட 40, அதுவும் போகாது.

கோவைத் தச்சன்:
கணக்கு சரிதான் சார், ஆனா மூலைக்கு மூலை வைங்க. 55-க்கு 35 பெட்டியில மூலைவிட்டம் 65. பெட்டிச் சுவர் கனம் போனாலும் 62, 63 கிடைக்கும். தம்பி, 18 ஃபிரெட்டோட நிறுத்திக்கோ, நெக் 59-ல முடிஞ்சிரும். பாடி அகலம் 33-க்கு மேல போகாதே.

மரத்திருகு கூடாதுன்னு வீணைவீடு சார் சொன்னது நூத்துக்கு நூறு. ஆனா யாரும் அக்கூஸ்டிக்ல அப்படி மாட்ட வேண்டியதில்லை. டெய்லர் கம்பெனி 1999-ல கொண்டுவந்த நெக்குல ஃபிங்கர்போர்டு நுனி வரைக்கும் பசை கிடையாது, எல்லாம் போல்ட்தான். அதுக்கும் ரொம்ப முன்னாடி, வியன்னாவுல ஸ்டாஃபர் செஞ்ச கிட்டார்ல கடிகாரச் சாவி போட்டு நெக் சாய்வையே மாத்துவாங்க.

எல்லாரும் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு. ஹீல்ல (நெக் பாடியோட சேர்ற தடிச்ச அடிப்பகுதி) பித்தளை இன்சர்ட் (உள்ளே மரை வெட்டின குழாய்) இறக்கி போல்ட் போடுவாங்க. அங்க மரத்தோட நார் போல்ட் போற திசையிலேயே ஓடுது. நுனிநார்ல மரை பிடிப்பு கம்மி, கொஞ்ச நாள்ல இன்சர்ட் அப்படியே உருவிக்கிட்டு வரும். கழற்றி மாட்டுற கட்டில்ல குறுக்கே ஒரு உருளை நட் வரும் பாருங்க, அதைப் போடுங்க. ஹீலுக்குக் குறுக்கே 10 மி.மீ துளை, அதுக்குள்ள உருளை, M6 (6 மி.மீ) போல்ட் ரெண்டு. இழுவை நாருக்குக் குறுக்கே உட்காரும். நான் அப்படிச் செஞ்ச ஒரு நெக்கை மூணு வருஷமா கழற்றி மாட்டிட்டு இருக்கேன்.

வீணைவீடு:
போல்ட் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் அதே கோணத்தில் உட்காருமா? ஹீல் 8 செ.மீ ஆழம் என்று வையுங்கள். அடியில் 0.1 மி.மீ தூசி, ஒரு தாள் கனம் சிக்கினால் 12-ஆம் ஃபிரெட்டில் கம்பி கிட்டத்தட்ட 0.2 மி.மீ உயரும். வாசிக்கிறவன் விரலுக்கு அது தெரியும். ஊருக்கு ஊர் கிட்டார் வேறு மாதிரி இருந்தால் அதில் எப்படிக் கை பழகும்?

கோவைத் தச்சன்:
அதனாலதான் ரெண்டு முகமும் மரத்தோட மரம் உரசக்கூடாது. பாடிப் பக்கம் மெல்லிய பித்தளைத் தகடு பதிச்சு, நடுவுல லேசா குழிச்சு விட்டுட்டா ஓரம் மட்டும்தான் தொடும். மாட்டும்முன்ன துணியால ஒரு துடைப்பு. ஃபிங்கர்போர்டு நுனியை மேல்பலகையில ஒட்டாதே தம்பி, மிதக்க விடு.

கம்பியை அறுக்க வேண்டாம். தளர்த்து, முதல் ஃபிரெட்ல கேப்போ (கம்பியை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போடு, சுத்து அவிழாது. அப்புறம் போல்ட்டைக் கழற்றி, நெக்கைப் பாடி மேல சாய்ச்சு, நடுவுல பனியன் துணி. அலென் சாவியை மட்டும் கைப்பெட்டியில வைக்காதே, பாதுகாப்புச் சோதனையில எடுத்துட்டா ஊர் போய்ச் சேர்ந்து மாட்ட முடியாது. கையாலேயே திருகுற தலை வச்ச போல்ட் போட்டுக்கோ.

ஆறுகம்பி:
அண்ணா, வாரக்கணக்கில் தளர்த்தியே வைத்தால் நெக் பின்னால் வளையாதா? நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, டிரஸ் ராடு, இழுத்துக்கொண்டே இருக்குமே?

கோவைத் தச்சன்:
கொஞ்சம் வளையும். மாட்டி, சுருதி சேர்த்து, ஒரு ராத்திரி விட்டா பழைய நிலைக்கு வந்துரும். கச்சேரிக்கு அரை மணி முன்னாடி மாட்டுற ஆளுன்னா இது உனக்கு ஆகாது.

வீணைவீடு:
இந்தக் கடைசி வரியை முதலிலேயே எழுதியிருக்கலாம் நீங்கள். என் கருத்து மாறவில்லை, மேடைக்கு ஒட்டிய நெக்தான். அறையில் தனியே வாசிக்க என்றால் தம்பி செய்து பார்க்கட்டும். தகடு பதித்ததும் படம் போடுங்கள், அந்த இணைப்பை நான் பார்க்க வேண்டும்.