சிறிய சுங்குடி வணிகத்திற்குச் சமூக ஊடகப் பதிவு அட்டவணை: எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர்: முனிச்சாலைவாசி

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் நானும் என் நாத்தனாரும் சேர்ந்து கைக்கட்டுச் சுங்குடிச் சேலைகளை விற்று வருகிறோம். கடை என்று எதுவும் கிடையாது. முடிச்சுப் போடுவதையும் சாயம் ஏற்றுவதையும் தெரிந்த குடும்பங்களிடம் கொடுத்து வாங்கி, இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஆகியவற்றின் வழியாகவே விற்கிறோம். சரக்கு வந்த நாளில் எல்லாப் படங்களையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறோம். அடுத்த சரக்கு வரும் வரை பக்கம் வெறிச்சோடிக் கிடக்கிறது. சித்திரைத் திருவிழா தொடங்கித் தீபாவளி வரைக்கும் ஓர் ஒழுங்கான அட்டவணை போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறோம். வாரத்திற்கு எத்தனை பதிவுகள் போதும், எந்த நேரத்தில் போடுவது நல்லது, எவ்வளவு முன்கூட்டியே தயார்செய்து வைக்கலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தினமும் ஒரு ரீல்ஸ் போடாவிட்டால் பக்கம் படுத்துவிடும் என்று பலரும் பயமுறுத்துகிறார்கள். வீட்டு வேலையையும் பார்த்துக்கொண்டு இருவரால் அது ஆகிற காரியமாகத் தெரியவில்லை.

பதில்: கோரிப்பாளையத்துக்காரன்

வணக்கம் சகோதரி. நம் ஊர்ச் சிறு கடைகள் சிலவற்றின் பக்கங்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். தினமும் ரீல்ஸ் என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வையுங்கள். எத்தனை பதிவு போடலாம் என்பதைவிட, வருகிற கேள்விகளுக்கு வாரத்தில் எந்தெந்த நாட்களில் உட்கார்ந்து பதில் சொல்ல முடியும் என்பதையே நீங்கள் முதலில் முடிவுசெய்ய வேண்டும். "விலை என்ன, இருக்கிறதா, கோயம்புத்தூருக்கு அனுப்புவீர்களா" என்று கேட்டவருக்கு மறுநாள் பதில் போனால், அதற்குள் அவர் வேறு பக்கத்தில் வாங்கியிருப்பார். ஆகவே விற்பனைப் பதிவை, உங்கள் இருவரில் ஒருவராவது அன்று மாலை முழுவதும் கைப்பேசியோடு இருக்கக்கூடிய நாளில் மட்டும் போடுங்கள். மற்றபடி வாரத்திற்கு மூன்று பதிவுகள் தாராளமாகப் போதும்: விற்பனைக்கு ஒன்று, வேலை நடக்கும் விதத்தைக் காட்ட ஒன்று, துணியைப் பற்றிய பயனுள்ள செய்தி ஒன்று.

வேலையைக் காட்டும் பதிவுதான் உங்களுடைய பலம். முடிச்சுகள் அவிழ்க்கப்படாமல் துணி முழுவதும் கொப்புளம் கொப்புளமாக நிற்கும் நிலையையும், நூலைப் பிரித்ததும் சாயம் ஏறாத புள்ளி வெள்ளையாகத் தெரிவதையும், அந்தப் புள்ளியைச் சுற்றி எஞ்சியிருக்கும் சின்னச் சுருக்கத்தையும் அருகில் வைத்துப் படம் எடுத்தால், அச்சுச் சுங்குடிக்கும் கைக்கட்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக விளக்க வேண்டியதே இல்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியையும் ஒரு பதிவில் சொல்லுங்கள். அதைச் சாக்காக வைத்து அச்சுச் சேலை விற்பவர்களைக் குறை சொல்ல வேண்டாம். பயனுள்ள செய்தி என்றால், முதல் சலவையைத் தனியாக உப்பு நீரில் நனைத்துச் செய்வது, நிழலில் உலர்த்துவது போன்றவை. இத்தகைய பதிவுகளைத்தான் வாங்கியவர்கள் சேமித்து வைத்துத் தோழிகளுக்கும் அனுப்புகிறார்கள்.

திருவிழாக்களைப் பொறுத்தவரை, நாளில் தொடங்கிப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். மீனாட்சி திருக்கல்யாணத்தன்று தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் வழக்கம் நம் பக்கத்தில் பரவலாக இருப்பதால், அன்றைக்கென்று புதுச்சேலை தேடுகிற பெண்கள் நிறையப் பேர் உண்டு. வெயில் காலமும் சேர்ந்துகொள்வதால் பருத்திக்கு இயல்பாகவே கேட்பு இருக்கும். ஆனால் சேலை கைக்கு வந்த பிறகு ரவிக்கை தைத்தாக வேண்டும் என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே அதற்கான விற்பனைப் பதிவுகள் பங்குனி நடுவிலேயே தொடங்கிவிட வேண்டும். திருவிழா வாரத்தில் போடும் விற்பனைப் பதிவு வாழ்த்துச் சொல்லத்தான் உதவும். தீபாவளியில் இது இன்னும் கடுமை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் சாயமேற்றிய துணி காய்வதற்கு யாரும் நாள் குறித்துச் சொல்ல முடியாது; தையற்காரர்களோ அதற்கு வெகு முன்பே புதுத் துணி வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். சரக்கை ஆவணிக்குள் முடித்து, புரட்டாசியில் விற்றுவிடுவது உத்தமம். ஆடியில் பெரிய கடைகளின் தள்ளுபடியோடு போட்டி போடாதீர்கள். அம்மியையே பறக்கவிடும் அந்தக் காற்றில் மொட்டை மாடியில் சேலைகள் காய்வதைப் படமெடுத்து வைத்துக்கொண்டால், ஆவணி வரைக்கும் வேலைப் பதிவுகளுக்குப் பஞ்சம் இருக்காது.

முன்கூட்டியே பதிவேற்றி வைக்க மெட்டா பிசினஸ் சூட் போதுமானது. கட்டணம் கிடையாது, இன்ஸ்டாகிராமுக்கும் ஃபேஸ்புக்குக்கும் சேர்த்தே தேதியும் நேரமும் குறித்துவிடலாம். இன்ஸ்டாகிராம் செயலிக்குள்ளேயே 75 நாட்கள் வரை குறித்து வைக்கலாம். இருந்தாலும் விற்பனைப் பதிவுகளை அப்படி வரிசையாக நிறுத்தாதீர்கள். உங்கள் சேலைகள் ஒவ்வொன்றும் ஒற்றைப் படி. வாட்ஸ்அப்பில் விற்றுப்போன சேலை அடுத்த வாரம் இன்ஸ்டாகிராமில் தானாக வந்து நின்றால் கேட்பவர்களிடம் சங்கடப்பட நேரும். வேலைப் பதிவுகளையும் பயன் பதிவுகளையும் மட்டும் முன்னதாகக் குறித்து வையுங்கள்.

பதில்: தெற்குமாசி வீதி

மேலே சொன்னவரோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். வரிசையில்தான் எனக்கு மாறுபாடு. உங்களுக்குச் சோறு போடுவது வாட்ஸ்அப்தான், இன்ஸ்டாகிராம் இல்லை. ஏற்கெனவே வாங்கியவர்களே திரும்ப வாங்குகிறார்கள். அதனால் புதுச் சரக்கு வந்ததும் முதலில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் பிராட்காஸ்ட் பட்டியலிலும் போடுங்கள். ஒரு நாள் கழித்து மிஞ்சியவற்றை இன்ஸ்டாகிராமில் போட்டால், விற்ற சேலை மறுபடி வந்து நிற்கும் தொல்லையும் தீரும். ஒரு பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கே செய்தி போய்ச் சேரும். ஆகவே ஒவ்வொரு பார்சலிலும் "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சேலைகளை முதலில் உங்களுக்கே காட்டுகிறோம்" என்று ஒரு சீட்டு வையுங்கள்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. ட்யூப் லைட்டில் எடுத்த அரக்குச் சேலை, வாங்கியவர் வீட்டில் வேறு நிறமாகத்தான் தெரியும். வாரத்தில் ஒரு காலையை ஒதுக்கி, வெயில் ஏறுவதற்குள் மாடி நிழலில் அத்தனை படங்களையும் எடுத்துவிடுங்கள். திருப்பி அனுப்புவோர் எண்ணிக்கை அதிலேயே குறைந்துவிடும்.

கேட்டவர்: முனிச்சாலைவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. இன்னும் இரண்டு ஐயங்கள். எங்களிடம் வாங்குவோரில் சிலர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒத்துவரும் நேரம் எது? இரண்டாவதாக, அழகர் ஆற்றில் இறங்கும் அன்று என்ன போடலாம்? எல்லாப் பக்கங்களிலும் ஒரே வாழ்த்துப் படம்தான் வருகிறது. சினிமாப் பாட்டு சேர்த்து ரீல்ஸ் போட முயன்றால், தொழில்முறைக் கணக்கில் அந்தப் பாட்டே கிடைக்கவில்லை.

பதில்: கே.கே. நகர் வாசகி

பாட்டு கிடைக்காதது உங்கள் கைப்பேசியின் கோளாறு இல்லை. வணிகக் கணக்குகளுக்கு, வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் உள்ள இசையை மட்டுமே இன்ஸ்டாகிராம் தருகிறது. வேறு செயலியில் சினிமாப் பாட்டை ஒட்டிக்கொண்டு வந்து ஏற்றினாலும் ஒலியை முடக்கிவிட வாய்ப்புண்டு. நூலைப் பிரிக்கும்போது எழும் சத்தமும், முடிச்சுப் போடும் அம்மாவின் பேச்சும் போதும்; அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு பதிவுசெய்யுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, இன்சைட்ஸ் பகுதியில் உங்களைப் பின்தொடர்பவர்கள் எப்போது அதிகம் வருகிறார்கள் என்று காட்டும். பொதுவான அறிவுரைகளைவிட அதையே நம்பலாம். நம் இரவு 9 மணி சிங்கப்பூரில் 11.30 என்பதால், மாலை 6 மணி வாக்கில் போட்டால் இரு பக்கத்தாருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு எதையும் முன்கூட்டிக் குறித்து வைக்காதீர்கள் என்பதே என் கருத்து. பச்சைப் பட்டா, சிவப்பா, மஞ்சளா என்று ஊரே காத்துக்கொண்டிருக்கும். பச்சை என்றால் அந்த ஆண்டு செழிக்கும் என்பது மக்கள் நம்பிக்கை. உங்களிடம் உள்ள சேலைகளில் நிறத்திற்கு ஒன்றாக முன்பே படமெடுத்து வைத்துக்கொண்டு, அன்று காலை அவர் உடுத்திவந்த நிறம் தெரிந்த பிறகு, அந்த நிறச் சுங்குடியை ஒரு வரி வாழ்த்தோடு போடுங்கள். விலையை எழுத வேண்டாம், "விற்பனைக்கு" என்றும் போட வேண்டாம். சாமி பெயரில் வியாபாரம் என்ற பேச்சு வராது. கேட்க நினைப்பவர்கள் தாமே இன்பாக்ஸில் கேட்பார்கள்.

பதில்: கோரிப்பாளையத்துக்காரன்

அழகர் நாளுக்கு வாசகி சொன்னது நல்ல யோசனை. வாட்ஸ்அப்பை முன்னே வைப்பதிலும் எனக்கு மறுப்பில்லை, என் வரிசையைத் திருத்திக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: ஊரில் ஏதாவது விபத்தோ துயரச் செய்தியோ வந்தால், அன்றைக்குக் குறித்து வைத்த பதிவு தானாகப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசினஸ் சூட்டில் அந்தப் பதிவைத் திறந்து தேதியை மாற்றினால் போதும். அழித்துவிட்டு மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. அந்தக் கணக்கின் நுழைவு உரிமை உங்கள் நாத்தனாரின் கைப்பேசியிலும் இருக்கட்டும்.