புதுப்பிப்பு: அந்தக் கடைசி கமா விஷயம்

புரோகிராம் கோடில் பல வரிகளில் எழுதும் பட்டியலில் கடைசி உருப்படிக்குப் பின்னாலும் ஒரு கமா போடுங்கள் என்று போன வாரம் எழுதியிருந்தேன், "பார்க்கவே அசிங்கம்" என்று பாதிப் பேர் சண்டைக்கு வந்தீர்கள். சரி, நேற்று நடந்ததைக் கேளுங்கள். எங்கள் பைத்தான் (ஒரு நிரல்மொழி) கோடில் நிறங்களின் பட்டியல், கடைசியில் "சிவப்பு", கமா இல்லை. யாரோ அடுத்த வரியில் "பச்சை" சேர்த்தார், மேல் வரியைத் தொடவில்லை. பிழைச்செய்தி எதுவும் வராது, அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஸ்டிரிங்கை (மேற்கோள்குறிக்குள் எழுதும் சொற்களை) பைத்தான் சத்தமில்லாமல் ஒட்டிவிடும், "சிவப்புபச்சை" என்று புது நிறம் பிறந்து, ஃபில்டரில் இரண்டுமே காணாமல் போய், அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது (யாரோ என்றேன், நான்தான்). கமா முதலிலேயே இருந்திருந்தால் இந்தக் கூத்தே இல்லை, கிட் டிஃபிலும் (கோடில் எந்த வரிகள் மாறின என்று காட்டுவது) ஒரே ஒரு வரிதான் மாறியிருக்கும்.

ஒரு திருத்தம்: "எங்கும் போடுங்கள்" என்று நான் சொன்னது தப்பு. தரவை எழுதி வைக்கும் ஜேசான் வடிவம் கடைசி கமாவை ஏற்காது. பைத்தானில் "விலை = 50," என்று கடைசியில் கமாவோடு எழுதினால் கிடைப்பது எண் இல்லை, டியூப்பிள் (ஒரே உருப்படி உள்ள தொகுப்பு). கோ மொழியிலோ மூடும் அடைப்பு தனி வரியில் இருந்தால் கமா கட்டாயம், இல்லாவிட்டால் கம்பைலே (இயங்கும் புரோகிராமாக மாற்றுவது) ஆகாது. அப்புறம், ஜாவாஸ்கிரிப்ட் கோடை ஒழுங்குபடுத்தும் கருவியான பிரெட்டியரின் 2023இல் வந்த 3.0 பதிப்பு ஃபங்ஷன் ஆர்கியூமென்ட் (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்புகள்) வரைக்கும் தானே கமா போட்டுவிடுகிறது, அதனால் ஜாவாஸ்கிரிப்ட்காரர்களோடு எனக்கு வழக்கு இல்லை.