சட்ட ஆய்வு: இலவசத் தளங்களே போதுமா, சந்தா கட்ட வேண்டுமா?

கேள்வி:
மூத்தோர் அனைவருக்கும் வணக்கம். ஜூனியராகப் பணியாற்றிவிட்டு அண்மையில் தனியாக வழக்கு நடத்தத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை சீனியரின் அலுவலகச் சந்தாவிலேயே தீர்ப்புகளைத் தேடிப் பழகியவனுக்கு, இனி நானே சந்தா கட்டுவதா, இலவசத் தளங்களைக் கொண்டு சமாளிப்பதா என்று முடிவெடுக்க இயலவில்லை. தீர்ப்பின் வாசகம் இரண்டிலும் ஒன்றுதான் என்றால், பணம் எதற்காக?

பதில் 1:
வாசகம் ஒன்றுதான், அத்தீர்ப்புக்குப் பிற்பாடு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வதற்குத்தான் பணம். ஒரு தீர்ப்பைப் பின்வந்த தீர்ப்புகள் பின்பற்றினவா, வேறுபடுத்தினவா, செல்லாது என்றனவா எனத் தொடர்ந்து குறித்துவைக்கும் வேலையை அமெரிக்காவில் ஃபிராங்க் ஷெப்பர்டு 1873-இலேயே தொடங்கினார். அவர் பெயரிலான சேவை இன்று லெக்சிஸ்நெக்சிஸ் என்ற கட்டணத் தளத்திடம் உள்ளது, வெஸ்ட்லா என்ற மற்றொரு கட்டணத் தளத்தில் அதே வேலையைக் கீசைட் என்ற சேவை செய்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில், இலவசத் தளமொன்றில் கிடைத்த, என் கட்சிக்காரருக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்திய தீர்ப்பொன்றை நீதிமன்றத்தில் காட்டினேன். அது மேல்முறையீட்டில் ரத்தாகிவிட்டது என்று எதிர்த்தரப்பு எழுந்து சொன்ன பிறகு, என் எஞ்சிய வாதத்துக்கு மதிப்பே இல்லாமற்போயிற்று. தளத்தின் மேல் குற்றமில்லை. தீர்ப்பு அங்கே உள்ளபடியேதான் இருந்தது.

பதில் 2:
உண்மைதான் ஐயா, ஆயினும் இலவசம் என்றாலே குறையென்று கொள்ள வேண்டியதில்லை. இலவசச் சட்டத் தளங்களான அமெரிக்கக் கார்னெல் பல்கலைக்கழகத்தின் சட்டத் தகவல் நிறுவனம் 1992-இலும், ஆஸ்திரேலியாவின் ஆஸ்ட்லீ 1995-இலும் தொடங்கியவை. ஒரு தீர்ப்பை எடுத்தாண்ட பிற தீர்ப்புகளை ஆஸ்ட்லீயின் லாசைட் என்ற தேடல் வசதியும், அமெரிக்கத் தீர்ப்புகளுக்குக் கூகுள் ஸ்காலரும் கட்டணமின்றியே காட்டுகின்றன. ஆனால் பட்டியல்தான் கிடைக்கும். எது ஏற்றது, எது மறுத்தது என்பதை நாம்தான் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வழக்கின் பெயரை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடி, உயர்நிலை நீதிமன்றங்களின் அண்மைத் தீர்ப்புகளை முதலில் படியுங்கள். ஒரு நாளில் பத்துத் தீர்ப்புகளைச் சரிபார்க்க வேண்டிய நிலை வந்தால், அப்போது சந்தா கட்டுங்கள். அதுவரை வழக்குரைஞர் சங்க நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: கட்டணத் தளங்களில் தீர்ப்பின் தலைப்பில் சுருக்கமாக வரும் தலைக்குறிப்பு பதிப்பாசிரியர் எழுதியது, நீதிபதி எழுதியதன்று, அதை மட்டும் படித்துவிட்டு வாதிடுவோரைப் பார்த்துச் சலித்துவிட்டேன்.

பதில் 3:
சாட்ஜிபிடியை இவ்விரண்டுக்கும் மாற்றாகக் கொள்ள வேண்டாம். 2023-இல் நியூயார்க்கில் மாட்டா எதிர் ஏவியான்கா வழக்கில், அது புனைந்து தந்த தீர்ப்புகளை மனுவில் காட்டிய வழக்குரைஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அவை உண்மையில் உள்ளனவா என்று பார்க்கச் சந்தாகூடத் தேவைப்பட்டிருக்காது.