கலங்கல் தண்ணீரில் பேலஸ்ட்: உங்கள் அனுபவம் எப்படி?

பல்க் கேரியரில் (நிலக்கரி போன்ற சரக்கை மொத்தமாக ஏற்றும் கப்பல்) சீஃப் ஆபிசராக இருக்கிறேன். பேலஸ்ட், அதாவது கப்பல் நிலையாக நிற்க டேங்குகளில் ஏற்றும் தண்ணீர் என்றாலே எனக்கு மேற்கு வங்கத்தின் ஹால்டியா துறைமுகம்தான் நினைவுக்கு வரும். நிலக்கரியை இறக்க இறக்கக் கப்பல் மேலே எழும்பும். அதற்கு ஈடாகத் தண்ணீர் ஏற்றியே ஆகவேண்டும். அங்கே ஹூக்ளி ஆற்றுத் தண்ணீரோ பால் ஊற்றின டீ மாதிரி. பேலஸ்ட் நீரோடு வேற்றிடத்துக்கு உயிர்கள் போய்விடாமல் சுத்திகரிக்க, எங்களுடையது ஃபில்டரும் யூவி (புற ஊதா) விளக்கும் கொண்ட சிஸ்டம். ஃபில்டர் அடைத்துக்கொண்டது. அது தானாகவே கழுவிக்கொள்ளும், ஆனால் கழுவி முடிப்பதற்குள் மறுபடியும் அடைப்பு. கலங்கலில் யூவி ஒளி ஊடுருவாததால் ஓட்டமும் குறைந்துவிட்டது. டாக்கிலிருந்து ஆற்றுக்கு வெளியேறும் லாக் கேட்டுக்கு (மதகுக் கதவு) ஓதம் பார்த்து நேரம் குறித்தாகிவிட்டது, காத்திருக்க வழியில்லை. கடைசியில் கம்பெனிக்கும் கொடி நாட்டுக்கும் (கப்பல் பதிவான நாடு) தகவல் சொல்லி, பைபாஸில், அதாவது சிஸ்டத்தைத் தொடாமல் நேராக ஏற்றினோம்.

பைபாஸ் போட்டதோடு வேலை முடிந்தது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. கரையிலிருந்து 200 கடல் மைல் தள்ளி, 200 மீட்டர் ஆழத்துக்குப் போய், டேங்கின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு கடல் நீரைச் செலுத்தி மாற்றினோம். அப்புறம் தெளிந்த நீரை சிஸ்டம் வழியாக ஏற்றி, இடம், நேரம் எல்லாம் ரெக்கார்ட் புக்கில் எழுதினோம். அப்படியும் டேங்கில் இறங்கிப் பார்த்தால் ஸ்டிஃப்னர்களின் (டேங்கின் தகட்டுக்கு வலுக் கொடுக்கும் இரும்புச் சட்டங்கள்) இடுக்கில் சேறு அப்பிக்கிடக்கிறது. உயிர்கள் ஒளிந்திருக்க அது போதும்.

— கொழும்பு–தூத்துக்குடி ஃபீடரில் (பெரிய துறைமுகத்துக்குக் கன்டெய்னர் கொண்டுபோகும் சிறு கப்பல்) இருந்தேன். அந்த வழியில் 200 மைல் தள்ளின கடலே கிடையாது. நீர் மாற்றுவதற்காகக் கப்பல் வழி விலகவேண்டும் என்று விதியும் கேட்காது. அங்கே சிஸ்டம் படுத்தால் கைகொடுக்க ஒன்றும் இல்லை.

— நான் எண்ணூர்க்காரன். கொசஸ்தலை ஆற்றிலும் பழவேற்காட்டிலும் காக்கா ஆழி என்கிற தென் அமெரிக்கச் சிப்பி பாய் விரித்தாற்போல் படிந்திருக்கிறது. இறால் புதைந்து ஒதுங்குகிற சேற்றையே மூடிவிட்டது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களுக்கு அந்தச் சேறுதான் சோறு. கப்பல்களின் பேலஸ்ட் நீரில் வந்திருக்கவேண்டும் என்றுதான் இங்கே பலரும் சந்தேகிக்கிறார்கள். ஒரு கேள்வி: 2017 முதல் அமலில் இருக்கும் பேலஸ்ட் நீர் பற்றிய சர்வதேச ஒப்பந்தப்படி, டேங்க் கழுவுகிற யார்டுகளில் சேற்றை வாங்கிக்கொள்ள வசதி இருக்கவேண்டும். டிரைடாக் (கப்பலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பழுதுபார்க்கும் இடம்) போனவர்கள் யாராவது அதைக் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?